நெஞ்சைக் கேட்டோம், கை வந்தது

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பவர்களிடம் "டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன்" என்று சொல்லிப் பலமுறை மாட்டிக்கொண்டிருக்கிறேன். ரெங்கமில் இருக்கும் என் பெரியம்மா, நான் ஜொகூர் பாருவில் லாரி ஓட்டுகிறேன் என்றே நெடுநாள் நம்பியிருந்தார். சாலை விபத்திலிருந்து ஸ்டெல்லாவைக் காப்பாற்று மாதாவே என்று எனக்காக ஜெபமாலைகூடச் சொல்லியிருக்கிறார். நான் அவரைத் திருத்தவில்லை. ஜெபத்தை வேண்டாம் என்பார்களா?

கணினியோடு ஒரு கருவியை இணைத்தால், இரண்டுக்கும் நடுவில் பேச்சை நடத்திவைக்க ஒரு சிறு நிரல் வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர். நாங்கள் செய்தது சேமிப்புப் பெட்டிகள். மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை என்று நிறையக் கோப்புகளைப் பத்திரமாக வைக்கவேண்டிய இடங்களில் கணினிக்குப் பக்கத்தில் கேபிளால் இணைத்து வைக்கும் கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிக்கு டிரைவர் எழுதுவதும், எழுதியதில் வரும் பிழைகளைத் தேடுவதும்தான் என் பிழைப்பு. எல்லாம் இணையத்திலேயே எங்கோ சேமிக்கப்படும் இந்தக் காலத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று பழைய அலுவலகத்தில் கேட்டார்கள். பல நிகழ்ச்சிகளை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டேன். கடைசியில் இது ஒன்றுதான் நின்றது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா குளுவாங்கில் லாரி மெக்கானிக். பிள்ளைகளில் நான் ஒருத்திதான் அவரோடு பட்டறையில் நிற்பேன். பாலிடெக்னிக் முடித்ததும் சிங்கப்பூரில் டிஸ்க் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பிரிவு வேலை. விடிவதற்கு முன்பே பஸ் பிடித்து, மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தில் நெரிசலில் நின்று, திரும்பவும் அதே நெரிசல். திருமணமாகி மகன் பிறந்ததும் அந்த ஓட்டம் ஒத்துவரவில்லை. ஜொகூர் பாருவிலேயே ஸ்கூடாய் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் ஆள் கேட்டார்கள். சம்பளம் குறைவு, ஆனால் மாலையில் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். போனேன். அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் என்சிக் ஹலிம். என்சிக் என்றால் மலாயில் 'திரு'.

ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார். இங்கே அவரைத் தமிழில் பேசவைத்திருக்கிறேன். யாராவது பிழையோடு அவரிடம் போனால், முதலில் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்வார். நம் முதுகு கணினித் திரைக்கு, முகம் அவருக்கு. திரையைக் காட்டிக் காட்டி "இது இப்படி ஆகுது, அது அப்படி ஆகுது" என்று சொல்ல அனுமதி இல்லை. வாயால்தான் சொல்லவேண்டும். அவர் அறையில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் 'பார்த்தது'. வலப்பக்கம் 'நினைத்தது'. நாம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதில் எந்தப் பக்கம் எழுதலாம் என்று நம்மிடமே கேட்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒருநாள், "என்சிக், பெட்டி செத்துப்போச்சு" என்றேன்.

"செத்ததைப் பார்த்தாயா?"

"விளக்கு சிமிட்டுது. ஆனா பதில் வரல."

"அப்படியென்றால் நீ பார்த்தது இரண்டு. விளக்கு சிமிட்டியது, பதில் வரவில்லை. செத்துவிட்டது என்பது நீ நினைத்தது." மூன்றையும் அதனதன் பக்கத்தில் எழுதினார். "சிமிட்டுகிறவன் செத்திருப்பானா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னப்பிள்ளையை நடத்துவதுபோல நடத்துகிறாரே என்று ஆத்திரம். சில மாதங்கள் போனபிறகுதான் தெரிந்தது, அந்தக் கோடு எங்களைக் குறைசொல்வதற்காக இல்லை என்று. அவரும் தன் பிழையை அப்படித்தான் தேடுவார். யாரும் இல்லாதபோது அவர் தன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து பலகையோடு பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். யாராவது பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரே வார்த்தை சொல்வார்: "பாகுஸ்." நன்று. அதற்குமேல் பாராட்டு கிடையாது. அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் உழைத்தோம்.

எங்கள் பெட்டிக்கு ஒரு பெருமை இருந்தது. இணைப்பு எப்படி அறுந்தாலும் தானே மறுபடி ஒட்டிக்கொள்ளும். பயன்படுத்துகிறவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. விற்பனைக்காரர்கள் வாடிக்கையாளர் முன்னாலேயே கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகிக் காட்டுவார்கள். திரையில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியை எழுதியவர் என்சிக் ஹலிம். நான் சேர்வதற்கு முன்பே எழுதியது. கம்பெனி அதை வைத்துத்தான் வளர்ந்தது.

அப்படியிருக்கும்போது குளுவாங்கில் ஒரு தனியார் எக்ஸ்ரே சென்டரிலிருந்து புகார் வந்தது. தொழிற்சாலைக்கு வேலைக்குச் சேருகிறவர்கள், செம்பனைத் தோட்டத்து ஆட்கள், மெர்சிங்கிலிருந்து பஸ் ஏறி வருகிற வயதானவர்கள் எல்லாருக்கும் அங்கேதான் எக்ஸ்ரே. புகார் இதுதான்: படம் திறந்தால் வேறொருவர் படம் வருகிறது.

விற்பனை மேலாளர் எங்கள் அறைக்கு வந்து சிரித்தார். "அங்க வேலை செய்யுற அம்மா தப்பான பேரை அமுக்கியிருக்கு. டாக்டரே அப்படித்தான் சொல்றாரு. நான் பதில் எழுதிடுறேன்."

என்சிக் ஹலிம் தலை நிமிராமல் கேட்டார். "வேறு படம் வந்ததைப் பார்த்தது யார்?"

"அந்த அம்மாதான்."

"அப்படியானால் டாக்டர் சொன்னது அவர் நினைத்தது. பார்த்தவரிடம் நாங்கள் பேசுகிறோம். நீங்கள் எழுதவேண்டாம்."

மறுநாள் காலை அவருடைய பழைய காரில் இருவரும் குளுவாங் போனோம்.

அந்த அம்மாவின் பெயர் தேவகி. எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர். அரசாங்க மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு இந்தச் சென்டருக்கு வந்தவர். நாங்கள் போனபோது அவர் எக்ஸ்ரே அறையில் இல்லை. வாசலில், வருகிறவர்களுக்கு நம்பர் சீட்டு கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, கழுத்தில் பெயரட்டை. எனக்குப் புரிந்துவிட்டது. வீண்புகார் செய்கிறவர் என்று அவரை உள்ளேயிருந்து வெளியே தள்ளிவிட்டிருந்தார்கள்.

"ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னாரு டாக்டர்," என்றார் தேவகி அக்கா. "வயசாகுதுல்ல, கண்ணு மங்கும்ல, அப்படின்னு. நான் ஒன்னும் சொல்லல. ஆனா ஒன்னு கேட்டேன். எனக்குக் கண்ணு மங்கிருச்சுன்னே வைங்க டாக்டர், பேஸ்மேக்கர் மங்குமா?"

நடந்தது இது. மெர்சிங்கிலிருந்து ஒரு மலாய் மூதாட்டி நெஞ்சு எக்ஸ்ரேக்கு வந்திருக்கிறார். அவருக்கு இதயத்தை ஓட்டும் பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தது. தோளுக்குக் கீழே தோல் மேடிட்டிருப்பதைத் தேவகி அக்காவே கையால் தொட்டுப் பார்த்து நிறுத்தியிருக்கிறார். எடுத்த படத்திலும் அது வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் டாக்டர் அறைக் கணினியில் அதே பெயரைத் திறந்தபோது, சுத்தமான ஒரு நெஞ்சு வந்தது. பேஸ்மேக்கர் இல்லை. கம்பி இல்லை. மேலே மூதாட்டியின் பெயர் மட்டும் சரியாக இருந்தது. அந்த மென்பொருளில் பெயர் படத்துக்குள் பதிவதில்லை. பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக மேலே காட்டும். அக்கா மூடிவிட்டு மறுபடி திறந்தார். பேஸ்மேக்கர் வந்துவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினால் காட்ட ஒன்றுமில்லை.

என்சிக் ஹலிம் நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். மலாயில்தான் பேசினார்கள், இருவருக்கும் அது தண்ணீர்பட்ட பாடு. எங்களிடம் கேட்பதுபோலத்தான் அவரிடமும் கேட்டார். திறப்பதற்கு முன்னால் கை என்ன செய்துகொண்டிருந்தது? அதற்கு முன்னால்? வேறு என்ன சத்தம், வேறு என்ன வெளிச்சம்?

தேவகி அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். முதலில் வேறொரு ஆளின் படத்தைத் திறந்தார். அது வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுமை இல்லாமல் அதை மூடிவிட்டு மூதாட்டியின் பெயரை அமுக்கினார். உடனே வந்துவிட்டது. "அவ்வளவு சீக்கிரமா எப்பவும் வராது. அதான் எனக்கு முதல்ல உறுத்துச்சு." அப்புறம் யோசித்து, "லைட்டு லேசா ஒரு தடவ மங்குச்சு. ஏர்கான் ஓட ஆரம்பிச்சா அப்படித்தான் மங்கும். இது சொல்லவேண்டிய விஷயமா என்னன்னு தெரியல," என்றார்.

"நீங்கள் பார்த்தது எல்லாமே சொல்லவேண்டிய விஷயம்," என்றார் என்சிக் ஹலிம்.

அலுவலகத்துக்குத் திரும்பி அதே மாதிரிப் பெட்டி ஒன்றை மேசையில் வைத்து, கேபிளைப் பிடுங்கிச் செருகினோம். ஒன்றும் ஆகவில்லை. வேகமாகப் பிடுங்கினோம், மெதுவாகப் பிடுங்கினோம், படம் ஓடும்போது, ஓடாதபோது. எப்போதும் சரியான படம்தான் வந்தது. நாட்கள் போயின. விற்பனை மேலாளர் கதவருகே வந்து நிற்பார், எங்கள் முகத்தைப் பார்ப்பார், போய்விடுவார். எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிவிட்டேன்: "ஒருவேளை அவங்க தப்பாப் பார்த்திருக்கலாம் என்சிக்."

"எந்தப் பக்கம் எழுதட்டும்?"

"வலப்பக்கம்," என்றேன்.

அன்று மத்தியானம் அவர் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். "நாம் பிடுங்குகிறோம்," என்றார். "அங்கே யாரும் பிடுங்கவில்லை. விளக்கு மங்கியது, அவ்வளவுதான். நம் ஆபீசில் செய்து பார்த்தால் நம் ஆபீசுக்கு வருவதுதான் வரும். அங்கேயே போவோம்."

இந்தமுறை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, வழக்கமான வேலைநாள் ஒன்றில் போய் அவர் அறையிலேயே உட்கார்ந்தோம். டாக்டர் வோங் கெட்டவர் இல்லை. சென்டரைக் கடன் வாங்கித் தொடங்கியவர். ஒரு தப்பான பேச்சு வெளியே போனால் ஆட்கள் வருவது நின்றுவிடும் என்ற பயம் அவருக்கு. "இன்னைக்கு ஒருநாள்தான்," என்றார். தேவகி அக்காவையும் உள்ளே கூப்பிடவேண்டும் என்று என்சிக் ஹலிம் கேட்டுக்கொண்டார். அவர்தான் கணினியின் முன்னால் உட்கார்ந்தார். அன்று செய்ததுபோலவே ஒரு பெரிய படத்தைத் திறப்பது, அது சுற்றும்போதே மூடுவது, வேறொன்றைத் திறப்பது. நான் சுவரோரம் நின்று ஏர்கான் ரிமோட்டால் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தேன். அறை ஒருசமயம் குளிரும், ஒருசமயம் வேர்க்கும். நோயாளிகள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவ்வப்போது எட்டிப்பார்த்துக் கைக்கடிகாரத்தைக் காட்டுவார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். ஏர்கானைப் போட்டேன். விளக்கு மங்கித் தெளிந்தது. "அலமாக்," என்றார் தேவகி அக்கா, மெதுவாக. மலாயில் ஐயையோ.

திரையில் ஒரு கை இருந்தது. ஐந்து விரல், மணிக்கட்டு, சுண்டுவிரலில் ஒரு முறிவு. மேலே இருந்த பெயருக்கு உரியவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்தவர்.

"எதையும் தொடாதீர்கள்," என்றார் என்சிக் ஹலிம். "டாக்டரைக் கூப்பிடு ஸ்டெல்லா."

டாக்டர் வோங் வந்து திரையைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து நிறம் இறங்கியதை நான் பார்த்தேன். அவர் ஒருவரும் கேட்காமலே தேவகி அக்காவின் பக்கம் திரும்பி, "நீங்கள் சொன்னீர்கள்," என்றார் மலாயில். அக்காவின் கண் நிறைந்திருந்தது. அன்று அந்த அறையில் சந்தோஷப்பட யாருக்கும் உரிமை இல்லை என்பதுபோல அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிழை எங்கே என்று அதற்குப்பிறகு தேடுவது கஷ்டமாக இல்லை. டிரைவரை வரி வரியாகப் படித்தேன். விஷயத்தைத் தேவகி அக்காவுக்கு அவர் கவுண்டரை வைத்தே பிறகு விளக்கினேன். அதையே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

கணினி பெட்டியிடம் ஒரு படத்தைக் கேட்கும்போது அந்தக் கோரிக்கைக்கு ஒரு நம்பர் போடும். பெட்டி படத்தைத் தேடி எடுத்து, அதே நம்பரைச் சொல்லிக் கொடுக்கும். கேபிளைப் பிடுங்கினால் பெட்டிக்கும் தெரியும், கணினிக்கும் தெரியும். இரண்டுமே பழையதை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். அதனால்தான் எங்கள் மேசையில் பிழை வரவில்லை. ஆனால் மின்சாரம் ஒரு கண்சிமிட்டும் நேரம் தாழ்ந்தால், கணினிப் பக்கம் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது. பெட்டிக்கோ எதுவும் தெரியவில்லை. கணினி மறுபடி ஒன்றாம் நம்பரிலிருந்து கேட்கத் தொடங்கியது. பெட்டி முன்பு கேட்ட பழைய படத்தைத் தேடி முடித்து, அதன் பழைய நம்பரைச் சொல்லி நீட்டியது. இரண்டு நம்பரும் ஒன்றாக அமைந்துவிட்டால், கணினி அதை வாங்கிப் புதிய பெயருக்குக் கீழே காட்டிவிடும். எல்லாச் சமயமும் நம்பர் பொருந்தாது. பொருந்தினால் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் இணைப்பு அறுந்ததையே வெளியே காட்டாமல் மறைப்பதுதான் எங்கள் பெட்டியின் பெருமை.

"நேத்து ஏழாம் நம்பர் சீட்டு வாங்கிட்டுப் போனவரு இன்னைக்கு வந்து, நான் ஏழுன்னு கூப்பிட்டதும் உள்ள போயிடுறாரு. அதானே?" என்றார் தேவகி அக்கா.

அதேதான்.

நம்பரை ஒன்றிலிருந்து தொடங்கும் அந்த வரி என்சிக் ஹலிம் எழுதியது. அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. கம்பெனியைத் தூக்கி நிறுத்திய நிரல் அது. வாசலில் நின்று தயங்கியதைப் பார்த்து அவரே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாயால் சொன்னேன். கோரிக்கை, நம்பர், மின்சாரத் தாழ்வு, பழைய பதில். முடித்தேன். அவர் எழுந்து பலகைக்குப் போனார். நான் சொன்ன ஒவ்வொன்றையும் இடப்பக்கத்தில் எழுதினார். வலப்பக்கம் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்த்தார். பிறகு அவராகவே வலப்பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'அறுந்தால் இரு பக்கமும் அறியும் என்று ஹலிம் நினைத்தான்.'

"பாகுஸ்," என்றார்.

எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லை அவ்வளவு மெதுவாக அவர் சொன்னது அன்றுதான்.

திருத்தத்தை என்னையே எழுதச் சொன்னார். நான் முதலில் எழுதியது எளிது: நம்பரை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்காதே. அவர் படித்துவிட்டு, நம்பர் சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்றுக்கு வரும் நாளில் என்ன ஆகும் என்று கேட்டார். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் அடையாளம் சேர்த்து, பழைய அடையாளத்தோடு வரும் பதிலைத் தூக்கியெறியும்படி எழுதினேன். பெட்டி இன்னும் பழைய வேலையிலேயே இருந்தால்? மறுபடி இணைந்ததும் "கேட்டதையெல்லாம் மறந்துவிடு" என்று பெட்டிக்குச் சொல்லி, மறந்துவிட்டேன் என்று அது பதில் சொல்லும்வரை எதையும் கேட்காமல் காத்திருக்கும்படி செய்தேன். பதிலே வராவிட்டால்? அங்கேதான் நாங்கள் வாதிட்டோம். நான் மறுபடி முயலலாம் என்றேன். அவர் கூடாது என்றார். "பதில் வராவிட்டால் திரையில் எழுது. இணைப்பு போய்விட்டது என்று எழுது. சும்மா மறைக்காதே. நான் மறைத்தேன், போதும்."

விற்பனை மேலாளருக்கு அது கசந்தது. புதிய டிரைவரில் இணைப்பு அறுந்தால் படம் ஒரு நொடி நின்று, செய்தி காட்டி, பிறகுதான் வரும். காட்டிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. டாக்டரிடம் உண்மையான காரணத்தைச் சொல்லவேண்டாம், பெட்டியை மாற்றிக்கொடுத்துவிடலாம் என்றும் அவர் ஆலோசனை சொன்னார். என்சிக் ஹலிம் நிர்வாகத்தின் முன்னால் போய் நின்றார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, "கிளம்பு, குளுவாங் போகவேண்டும். மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் கடிதம் போகிறது," என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் வோங்கிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. "அந்த வரியை எழுதியது நான். கண்டுபிடித்தது உங்கள் தேவகியும் இந்த ஸ்டெல்லாவும். சேமித்த படங்கள் கெடவில்லை. அதை நாங்கள் சோதித்துவிட்டோம். காட்டும்போதுதான் மாறியிருக்கிறது. ஆனால் நீங்கள் எந்தப் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினீர்கள் என்பது எங்களால் சொல்லமுடியாது."

டாக்டர் தேவகி அக்காவைக் கூப்பிட்டார். அன்றே அவர் கவுண்டரிலிருந்து உள்ளே திரும்பினார். எங்கள் பெட்டி வந்த நாளிலிருந்து எடுத்த ஒவ்வொரு படத்தையும் மறுபடி திறந்து, ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. மத்தியானங்களில் சென்டரை மூடிவிட்டு டாக்டர் படித்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பெயரைச் சொல்லுவார். பெட்டியிலிருந்து வருவது சரியான படம்தான் என்று ஒவ்வொன்றுக்கும் உறுதி சொல்ல நான் உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் நடந்தது. ஜொகூர் பாருவுக்கும் குளுவாங்குக்கும் போய்வந்து என் இடுப்பு விட்டுப்போனது. வீட்டில் கணவர்தான் சமையல். மகன், "அம்மா, நீங்க எக்ஸ்ரே படிக்கிற டாக்டரா ஆயிட்டீங்களா?" என்றான்.

எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தது. எங்களுக்குள் ஒரு நம்பிக்கை முளைத்து, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தோம். அப்போது ஒரு நெஞ்சுப் படம் வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்தார்: நுரையீரல் சுத்தம். படத்தைப் பார்த்தார். வலப்பக்க நுரையீரலின் மேலே பஞ்சு வைத்ததுபோல ஒரு வெண்மை.

"பெயர்?"

"லெட்சுமணன். காஹாங்," என்றார் தேவகி அக்கா.

காஹாங் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் கொதிகலன் பார்க்கிறவர் அவர். விடாத இருமலோடு வந்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் போனதால் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை. அக்கா உடனே போன் போட்டார்.

"தம்பி, நான் எக்ஸ்ரே சென்டர்லருந்து பேசுறேன். உங்க படத்தை டாக்டர் திரும்பப் பார்க்கணுமாம். நாளைக்கே வாங்க. இல்லல்ல, பயப்பட வேணாம், ஆனா வராம இருக்காதீங்க. நான் இங்கதான் இருப்பேன், தேவகின்னு கேளுங்க."

காசநோய். அரசாங்க மருத்துவமனைக்கு டாக்டரே கடிதம் கொடுத்து, தானே போனிலும் பேசி அனுப்பினார். ரிப்போர்ட் ஏன் தவறியது என்பதையும் லெட்சுமணனிடம் மறைக்காமல் சொன்னார். மனைவி பிள்ளைகளைச் சோதித்தார்கள். கைக்குழந்தை உட்பட யாருக்கும் இல்லை என்று அக்கா போனில் சொன்னபோது, நான் அலுவலகக் கழிவறையில் போய் நின்று அழுதேன். என்சிக் ஹலிமிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து இரு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். "அல்ஹம்துலில்லா" என்று வாய் முணுமுணுத்தது.

மாத்திரை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து லெட்சுமணன் மறு எக்ஸ்ரேக்கு வந்தார். அன்று நானும் குளுவாங்கில் இருந்தேன். வாசலில் பெஞ்சில், முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் எதிர்பார்த்ததைவிட இளவயது. தேவகி அக்கா என்னைக் காட்டி, "இவங்கதான் அந்தப் பெட்டியச் சரி பண்ணவங்க, ஸ்டெல்லா," என்றார்.

திட்டட்டும் என்று நான் மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னைப் போல வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சா மேடம்?"

"இல்லங்க. இங்க எடுத்த எல்லாப் படத்தையும் ஒன்னுவிடாம பார்த்துட்டோம். நீங்க ஒருத்தருதான். மத்த ஊருக்கும் எழுதிட்டோம், அங்கயும் பார்த்தாங்க, யாருக்கும் இல்லைன்னு பதில் வந்துருச்சு."

"நல்லவேளை," என்றார். "ராத்திரி படுத்தா அதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வேற எந்த வீட்டுல இருமிக்கிட்டு இருக்காங்களோன்னு." பிறகு அக்காவிடம் திரும்பினார். "டாக்டர் சொன்னாரு. யாரும் நம்பாதப்ப நீங்கதான் விடாம சொன்னீங்களாம்." சொல்லிக்கொண்டே பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டார், பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதுபோல.

தேவகி அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "சரி சரி, உள்ள வாங்க லா, சட்டையக் கழட்டிட்டு கவுன் போடுங்க," என்று அதட்டினார். "மாத்திரைய ஒருநாளும் விடலதானே?"

"விடலக்கா."

கதவு மூடியது. உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது: தோளை முன்னால தள்ளுங்க, மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க. நான் டாக்டர் அறையில் திரையின் முன்னால் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அக்காவும் லெட்சுமணனும் பின்னால் வந்து நின்றார்கள். டாக்டர் வோங் பெயரை அமுக்கினார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன். எக்ஸ்ரே எடுத்து முடித்தும் லெட்சுமணன் மூச்சை விட்டதாகத் தெரியவில்லை.

படம் வந்தது. வலப்பக்கம் மேலே, பஞ்சு இருந்த இடத்தில், மெல்லிய ஒரு புகைக்கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. டாக்டர் அதை விரலால் காட்டினார்.

"இது என்னோடதுதானே டாக்டர்?" என்றார் லெட்சுமணன்.

டாக்டர் தேவகி அக்காவைப் பார்த்தார்.

"உங்களோடதுதான் தம்பி," என்றார் அக்கா.